வண்டியில் 'டக் டக்' சத்தம், எங்கிருந்து வருகிறது?

கேள்வி: தினமும் காரைக்குடி – தேவகோட்டை ஓட்டம், 150 சிசி வண்டி. நாற்பதைத் தாண்டினால் அடியில் 'டக் டக்', வேகம் கூடினால் அதுவும் கூடுகிறது. டேப்பெட்தான் (இன்ஜின் வால்வை இயக்கும் பாகம்) என்று மெக்கானிக் பிரித்து மாட்டிக் காசு வாங்கியதோடு சரி.

பதில்: ஓடும்போது கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை விட்டுப் பாருங்கண்ணே. இன்ஜின் அடங்கியும் சத்தம் அதே தாளத்தில் வந்தால் இன்ஜினைத் தொடவே வேண்டாம்.

கேட்டவர்: அப்படியேதான் வருகிறது.

பதில்: அப்போ செயினைப் பாருங்க. இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினால் ஒரு இடத்தில் இறுகி இன்னொரு இடத்தில் தொங்குகிறதா? நம்ம செம்மண் புழுதிக்குச் செயின் சீக்கிரம் தேயும். ஸ்ப்ராக்கெட்டோடு (செயின் ஓடும் பல்சக்கரம்) சேர்த்தே மாற்றுங்க, தேய்ந்த பல் புதுச் செயினையும் தின்றுவிடும்.

இன்னொருவர் பதில்: தம்பி, பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டியும் பாருங்க. ஆடினால் சக்கரத்தின் பேரிங் தேய்ந்திருக்கும்.