சர் வால்டர் எலியட்டைத் திரையில் சரியாகப் பிடித்தவர் யார்?

கேள்வி:
ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ நாவலை மறுவாசிப்புச் செய்தபின், 1995, 2007, 2022 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். நாயகி ஆனின் தந்தை சர் வால்டராக முறையே கோரின் ரெட்கிரேவ், ஆன்டனி ஹெட், ரிச்சர்ட் இ. கிராண்ட் நடித்திருக்கிறார்கள். மூவரிடமும் தற்பெருமைக்குக் குறைவில்லை. ஆனால், நாவலில் அந்த மனிதரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சில் தட்டும் கசப்பு எனக்கு ரெட்கிரேவிடம் மட்டுமே கிடைத்தது. உங்களுக்கு எப்படி?

மறுமொழி 1:
சர் வால்டர் வெறும் கோமாளி அல்லர். 54 வயதிலும் உண்மையாகவே அழகர் என்று ஆஸ்டின் சொல்கிறார். பாத் நகரின் பாண்ட் தெருக் கடையொன்றில் நின்று, கடந்துபோன 87 பெண்களை எண்ணி, ஒரு முகம்கூடத் தேறவில்லை என்று தீர்ப்புச் சொல்பவர், தம் முகத்தைப் பற்றி ஐயமே இல்லாதவராக இருந்தால்தான் அந்தக் காட்சி எடுபடும். வயதிலும் தோற்றத்திலும் ஹெட் மிகப் பொருத்தமானவர். ஆனால் அவர் எப்போதும் எரிச்சலுடன் பேசுகிறார்; சர் வால்டரோ தம்மைப் பற்றி அளவற்ற திருப்தியில் திளைப்பவர். ரெட்கிரேவ் எவ்வளவு அபத்தமானதையும் ஊரறிந்த உண்மையைப் போலச் சொல்கிறார். வாழ்நாள் முழுவதும் தீவிர இடதுசாரியாக இருந்தவருக்குக் குலப்பெருமை பேசுவது இவ்வளவு இயல்பாக வந்தது வேடிக்கைதான்.

மறுமொழி 2:
கிராண்டைக் குறை சொல்வது நியாயமாகப் படவில்லை. 2022 படத்தில் ஆன் கேமராவைப் பார்த்து நம்மிடம் நேரடியாகப் பேசுகிறாள். தந்தையைப் பற்றி நாம் என்ன நினைக்க வேண்டும் என்பதையும் அவளே சொல்லிவிடுகிறாள். அதன்பின் நடிகருக்கு மிஞ்சுவது அதை மெய்ப்பித்துக் காட்டும் வேலை மட்டுமே. குறை திரைக்கதையில் இருக்கிறது.

இன்னொன்று: சர் வால்டருக்குள்ள பாரனெட் பட்டம் பரம்பரையாக வருவதுதான் என்றாலும், அதை உடையவர் பிரபுக்கள் அவையில் அமரும் பிரபு அல்லர். அந்த விளிம்புநிலைதான், பாரனெட்டுகளின் வம்சாவளி நூலில் தம் குடும்பப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைக்கிறது. விதவைப் பிரபுவம்மையான டால்ரிம்பிளின் உறவுக்காகக் குழையவும் வைக்கிறது. மேலே பணிவும் கீழே இளக்காரமும் ஒரே உடம்பில் தெரிய வேண்டும். மூவரில் ரெட்கிரேவிடம்தான் இரண்டையும் கண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கடற்படையின் மேல் சர் வால்டருக்குள்ள இரண்டு குறைகளையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்: அது குலப்பெருமையற்றவர்களை உயர்த்திவிடுகிறது, வெயிலும் காற்றும் மாலுமிகளின் முகத்தை விரைவில் கிழடாக்கிவிடுகின்றன. 40 வயது அட்மிரல் ஒருவரை 60 என்று மதிப்பிட்டதை அவர் சொல்லும்போது சிரிக்கிறோம். ஆனால் அந்த மனநிலைதான் எட்டு ஆண்டுகளுக்கு முன், ஆன் காதலித்த கடற்படை அதிகாரி வென்ட்வொர்த்தை அவளிடமிருந்து விலக்கியதில் பங்கு வகித்தது என்று நினைவு வந்ததும் சிரிப்பு நின்றுவிடுகிறது.

எனினும், அவரை மிக நன்றாகக் காட்டும் இடத்தில் அவர் இருப்பதே இல்லை. சர் வால்டரின் கெல்லிஞ்ச் மாளிகைக்கு வாடகைக்குக் குடிவந்த அட்மிரல் கிராஃப்ட், உடைமாற்றும் அறையிலிருந்த பெரிய நிலைக்கண்ணாடிகளை அகற்றச் சொல்லிவிட்டு, தமக்குச் சவரம் செய்யச் சிறு கண்ணாடி ஒன்றே போதும் என்று ஆனிடம் வெள்ளந்தியாகச் சொல்கிறார். எந்த நடிகராலும் அந்த வெற்றுச் சுவரோடு போட்டியிட முடியாது.