அவசரம்: உலை யன்னலுக்கு வலை போட்டும் நுண்ணலை உள்ளே போகிறது

வாவிக்கரை:
நாளைக் காலை பத்து மணிக்கு செமினார். வந்தாறுமூலை பல்கலைக்கழக வளாகத்தில் இறுதியாண்டு பௌதிகவியல் படிக்கிறேன். அணுக்கருக்களை இணைக்கும் இணைவு உலையில் பிளாஸ்மாவை, அதாவது மின்னேற்றமுள்ள சூடான வாயுவை, நுண்ணலை அனுப்பிச் சூடாக்குவார்கள். அந்த உலையில் கமரா பார்க்கும் யன்னலை, அலைந்து திரியும் நுண்ணலையிலிருந்து காப்பதுதான் தலைப்பு. 2 மில்லிமீற்றர் துளையுள்ள உலோக வலை போட்டுக் கணினியில் ஓட்டினேன். தடுக்கவே இல்லை. எங்கே பிழை?

மூத்தவன்:
தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் எப்போது வருமோ. நுண்ணலையின் அலைநீளம் 12 சென்ரிமீற்றர். அதற்கு 2 மில்லிமீற்றர் துளை ஊசிக்கண். உங்கள் மென்பொருளில்தான் பிழை.

கல்லடியான்:
தம்பி, மீடிறன் என்ன? என்ன கண்ணாடி? வலை கண்ணாடிக்கு உள்ளேயா, வெளியேயா? கமரா பார்ப்பது கட்புல ஒளியா, கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிரா? ஒன்றுமே சொல்லவில்லையே.

காத்தான்குடி றிப்பேர்:
நான் மைக்ரோவேவ் அடுப்பு திருத்துகிறவன். கதவு வலையால் கசிந்து நான் கண்டதில்லை. கசிவு என்றால் விளிம்புதான். கதவு கொஞ்சம் வளைந்தாலே போதும். விளிம்பைப் பாருங்கள் தம்பி.

மூத்தவன்:
நாநா, இது சோறு சூடாக்கும் பெட்டி இல்லை.

வாவிக்கரை:
மன்னிக்கவும். ஜெர்மனியின் வென்டெல்ஸ்டைன் 7-எக்ஸ் உலையை வைத்துச் செய்கிறேன். 140 கிகாஹேர்ட்ஸ். சிலிக்காக் கண்ணாடி, கட்புல ஒளி. வலை வெளியே, கமராப் பக்கம்.

சேலத்தான்:
மீடிறன் என்றால்? அதிர்வெண்ணா?

கல்லடியான்:
ஆம், அதுதான்.
வாவிக்கரை, 140 என்றால் அலைநீளம் 2.14 மில்லிமீற்றர். துளையும் அலையும் கிட்டத்தட்ட ஒரே அளவு, பிறகு எப்படித் தடுக்கும்? மூத்தவன் சொன்ன 12 சென்ரிமீற்றர் வீட்டு அடுப்பின் 2.45 கிகாஹேர்ட்ஸுக்கு உரியது.

வலை வெளியே இருந்தால் கமரா தப்பும், கண்ணாடி தப்பாது. பிளாஸ்மா உறிஞ்சாத பங்கு உலோகச் சுவர்களில் தெறித்துத் தெறித்து எல்லாத் திசையிலும் திரியும். அனுப்பும் 1 மெகாவாட்டில் நூற்றுக்கு ஐந்து மிஞ்சினாலே 50 கிலோவாட். கற்றை நேரே படாத மூலையில் யன்னலை வைத்தேன் என்று தப்ப முடியாது. சதுர மீற்றருக்கு 10 கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள யன்னலில் ஏறக்குறைய 78 வாட் விழும். கண்ணாடி அதில் ஒரு பங்கைத்தான் உறிஞ்சும். ஆனால் அங்கே 2023 இல் பிளாஸ்மாவை 8 நிமிடம் விடாமல் ஓட்டியிருக்கிறார்கள். நடு சூடாகி விளிம்பு குளிர்ந்தே இருந்தால் கண்ணாடி விரிசல் விடும்.

அதனால் வலையைக் கண்ணாடிக்கு உள்ளே, வெற்றிடப் பக்கம் கொண்டுபோங்கள். 0.1 மில்லிமீற்றர் செம்புக் கம்பி, 0.5 மில்லிமீற்றருக்கு ஒன்று. நூற்றுக்கு 64 பங்கு ஒளி வரும், கமராவுக்கு அது போதும். தொடுதிரைகளில் பூசும் இந்தியம் வெள்ளீய ஒட்சைட்டையும் கண்ணாடியில் பூசலாம். செங்கீழ்க் கதிர்க் கமரா என்றால் அந்தப் பூச்சு கூடாது, அதையும் மறைத்துவிடும்.

சேலத்தான்:
அதிர்வெண் என்றால் பார்த்தவுடனே புரிகிறது. மீடிறன் ஏதோ மீனின் பெயர் மாதிரி இருக்கிறது.

மூத்தவன்:
மீள் + திறன். இலக்கணம் தெரிந்தால் புரியும். இங்கே இலங்கைப் பாடநூலில் அதுதான் சொல், பரீட்சைத்தாளிலும் அதுதான்.

சேலத்தான்:
எங்கள் பாடநூலில் அதிர்வெண். அது தமிழ் இல்லையா?

ஒலுவில் மிஸ்:
இரண்டும் தமிழ்தான், விடுங்கள். மட்டக்களப்பு பாடும் மீன்களின் ஊர், இங்கே மீன் பெயர் வைத்தால் அது பாடவும் செய்யும். மூத்தவன் அண்ணா, அந்த 12 சென்ரிமீற்றர் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

மூத்தவன்:
மீடிறன் தராமல் கேட்டால் பதிலும் அப்படித்தான் வரும்.

வாவிக்கரை:
வலையை உள்ளே வைத்து 0.5 ஆக்கினேன். நன்றாகக் குறைந்தது, ஆனாலும் கொஞ்சம் வந்துகொண்டே இருந்தது. பார்த்தால் வலைச் சட்டத்துக்கும் குழாய்க்கும் நடுவே 3 மில்லிமீற்றர் விட்டிருக்கிறேன், சூட்டில் விரிய இடம் வேண்டுமே என்று. மூடியதும் சரி. நாநா, நீங்கள் சொன்ன விளிம்புதான். சார்ஜ் 4 வீதம், போகிறேன்.

காத்தான்குடி றிப்பேர்:
தம்பி, முழுக்க மூடினால் விரிய இடம் எங்கே? சுற்றிவர வில்லுத் தகடு வைத்துப் பாருங்கள், தொட்டபடியே அசையும்.

காத்தான்குடி றிப்பேர்:
தம்பி?