யாரும் கேட்காத வேலையை நாமாகத் தொடங்குவது எப்படி? மென்டல் மாடல்கள் உதவுமா?

கடைக்கணக்கன்

திருகோணமலையில் மீன்பிடிச் சாமான் கடையொன்றில் கணக்குப் பார்க்கிறேன். வலை, கயிறு, மிதப்பு, படகின் பின்னால் பூட்டும் அவுட்போர்ட் என்ஜினின் உதிரிப்பாகங்கள் எல்லாம் விற்கிறோம்.

கச்சான் காலம், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலம், தொடங்கினால் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து ஆட்கள் இங்கே வந்து கரையில் வாடி (தற்காலிகக் குடில்) போடுவார்கள். எங்கள் ஊர்க்காரரும் நாள் தவறாமல் தொழிலுக்குப் போவார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் என்ஜினின் தண்ணீர் பம்புக்குள் இருக்கும் இம்பெல்லர் கடையில் முடிந்துபோகும். சின்ன ரப்பர் சாமான்தான். ஆனால் கரையில் மணலை இழுத்து அது தேய்ந்தால் என்ஜினுக்குத் தண்ணீர் ஏறாது, சூடேறி நின்றுவிடும். விடியப்புறம் பழையதைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் "கொழும்பிலிருந்து வரவேணும் அண்ணா" என்று சொல்லிச் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது. பங்குனியிலேயே கூடுதலாக எடுத்து வைத்தால் தீர்ந்தது. ஆனால் சாமான் எடுப்பது முதலாளியின் வேலை. என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

இதற்கிடையில் மென்டல் மாடல் என்று, முடிவெடுக்க உதவும் யோசனை வழிகளைப் பற்றி நிறைய வாசித்துவிட்டேன். கட்டுப்பாட்டு வட்டம், அவசரம்-முக்கியம் கட்டம், தலைகீழாக யோசிப்பது... வாசிக்கும்போது எல்லாம் சரி, காலையில் கடை திறந்தால் பழைய ஆள்தான். உங்களுக்கு உண்மையில் கைகொடுத்தது எது? பட்டியல் வேண்டாம், ஒன்று போதும்.

உப்புவெளிக்காரன்

ஒன்றுதான் என்றால், ஜெஃப் பெசோஸின் இரண்டு கதவுக் கணக்கு. அமேசான் பங்குதாரர்களுக்கான 2015ஆம் ஆண்டுக் கடிதத்தில் எழுதியிருந்தார். சில முடிவுகள் உள்ளே போனால் திரும்பி வர முடியாத கதவு. அவற்றை ஆறுதலாக, நாலு பேரிடம் கேட்டு எடுக்க வேண்டும். மற்றவை பிடிக்காவிட்டால் திரும்பி வரக்கூடியவை, சட்டென்று எடுத்துவிடலாம். கம்பனிகள் பெரிதானதும் எல்லாவற்றுக்கும் முதல் வகை நிதானத்தையே போட்டு மந்தமாகிவிடுகின்றன என்பது அவர் குறை.

தம்பி, இம்பெல்லர் என்ன மீனா, நாளைக்கு நாறிப்போக? இந்தச் சீசனில் மிஞ்சினால் அடுத்த சீசனில் போகும். இதற்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறீர்? ஓடரைப் போடும்.

கிண்ணியா ரீச்சர்

பெசோஸ் அந்தக் கம்பனியைத் தொடங்கிய ஆள். தம்பி கை வைக்கப்போவது இன்னொருவரின் காசில். திரும்பி வரலாமா என்று கேட்டால் போதாது, யார் திரும்பி வரலாம் என்றும் கேட்க வேண்டும். முதலாளிக்கு அது மிஞ்சிய சாமான், அவ்வளவுதான். இம்பெல்லர் எப்படியும் விற்றுவிடும், சரி. கேட்காமல் ஓடர் போட்டவன் என்ற பேரை எங்கே கொண்டுபோய் விற்பது?

நான் சொல்வது ஆபிரகாம் வால்டின் கணக்கு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து அமெரிக்கப் படைக்கு வேலை செய்த புள்ளியியலாளர். திரும்பி வந்த விமானங்களில் எங்கே துளை இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், அங்கே அடிபட்டும் அவை வந்து சேர்ந்துவிட்டனவே. வராதவை எங்கே அடிபட்டிருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பது அவர் வழி.

உங்கள் கடைக்கு இது அப்படியே பொருந்தும். விற்பனைக் கொப்பியில் விற்றதுதான் இருக்கும். இல்லையென்று நீங்கள் திருப்பி அனுப்பியவர் எந்தக் கொப்பியிலும் இல்லை. இம்பெல்லர் முடிந்த கிழமையில் அந்த வரியே இருக்காது. முதலாளி அதைப் பார்த்தால் அந்தக் கிழமை யாரும் கேட்கவில்லை என்றுதான் நினைப்பார். ஒரு கொப்பியில் திகதி, கேட்ட சாமான், எந்த என்ஜின், வேறு கடைக்குப் போனாரா காத்திருந்தாரா என்று மட்டும் எழுதி வாருங்கள். இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், காசும் போகாது. அதைக் காட்டிவிட்டு ஓடர் பற்றிக் கதையுங்கள்.

உப்புவெளிக்காரன்

ரீச்சர் சொல்வது நியாயம். ஓடர் கதையை வாபஸ் வாங்குகிறேன், கதவை அல்ல. கொப்பி எழுதுவதும் திரும்பி வரக்கூடிய கதவுதானே!

மூதூர் மருமகன்

எப்போது காட்டுவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றித்தான். "செய்வேன்" என்று நினைப்பதைவிட "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று நேரத்தோடும் இடத்தோடும் கட்டி வைத்தவர்கள் கூடுதலாகச் செய்து முடிக்கிறார்கள். "முதலாளி பின்னேரத் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்ததும் கொப்பியை எடுப்பேன்" என்பது போல. "நேரம் வரும்போது" என்று விட்டால் வாடைக்காற்றே வந்துவிடும்.

கடைக்கணக்கன்

திருப்பி அனுப்பியவர்களை எழுதி வைக்கலாம் என்று எனக்குப் படவே இல்லை ரீச்சர். வருகிறவர்கள் "நாற்பதுக்கு", "இருபத்தைந்துக்கு" என்று குதிரைவலுவை மட்டும்தான் சொல்வார்கள். ஒரே வலுவில் மொடல் மாறினால் இம்பெல்லரும் மாறலாம். அதனால் மொடலுக்குத் தனிக் கட்டம் போடுகிறேன். வலைநூலும் பிளக்கும்கூட அதே கொப்பியில் வரட்டும்.

ஒன்று மட்டும். நான் காட்டுவதற்கு முன்னமே முதலாளி கொப்பியைக் கண்டு, என்ன இது என்று கேட்டால்?

கிண்ணியா ரீச்சர்

கேட்டால் நல்லதுதானே, மூதூர்த் தம்பி சொன்ன தேத்தண்ணி வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. லாச்சிக்குள் வைக்காமல் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.