ஹொனலுலு: 4 வயசுப் பையன், முழங்கால் வலி உள்ள மாமியார். எந்த பீச் பார்க் சரிப்படும்?

பொடிநடை:
டிசம்பர் 20-லிருந்து ஒரு வாரம் ஹவாயின் ஓவாஹு தீவில் இருப்போம். கிளம்புவது கலிபோர்னியாவிலிருந்து. ஹொனலுலுவின் வைக்கிக்கி கடற்கரைப் பகுதியில், மேற்குக் கோடியில் தங்கல், கார் இரண்டே நாளுக்குத்தான். பையனுக்கு 4 வயசு. பெண்ணுக்கு 9, நீச்சல் குளத்தில் நன்றாக நீந்துவாள், கடல் பழக்கம் கிடையாது. மாமியாருக்கு முழங்கால் வலி, மணலில் ரொம்ப தூரம் நடக்க முடியாது, சுத்த சைவம் வேறு. நிழல், கழிப்பறை, அலை இல்லாத தண்ணீர் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்குமா? மீன் பார்க்க ஹனாவ்மா பே என்கிற விரிகுடாவுக்குப் போகச் சொல்கிறார்கள் எல்லாரும். டிசம்பரில் ஹவாய் அலை பயங்கரமாக இருக்கும் என்றும் சொல்கிறார்கள்.

உப்புக்காற்று:
அலை விஷயம் பாதி உண்மை. குளிர்காலத்தில் பெரிய அலை அடிப்பது தீவின் வடகரையில். வைமேயா, ஹலெய்வா பக்கம் டிசம்பரில் கரையில் நின்று வேடிக்கை பார்க்கலாம், பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கவே கூடாது. தென்கரை அப்போது அமைதியாக இருக்கும். அங்கே அலை எழும்புவது மே முதல் செப்டம்பர் வரை. நீங்கள் தங்குவதே தென்கரையில்தான்.

நீங்கள் கேட்ட மூன்றும் அலா மோவானா பீச் பார்க்கில் இருக்கிறது. சுமார் 100 ஏக்கர், நுழைவுக் கட்டணம் கிடையாது, பார்க்கிங்கும் இலவசம். 1934-இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் வந்து திறந்து வைத்த பழைய பூங்கா, அதனால் மரமெல்லாம் நன்றாகப் படர்ந்து நிற்கும்: ஆலமரம், நம் ஊர் தூங்குமூஞ்சி மரம். நிழல் புல்தரையில்தான், மணலில் இல்லை. மாமியாருக்கு மடக்கு நாற்காலி ஒன்று வாங்கிப் புல் முடிகிற விளிம்பில் போட்டால் அங்கிருந்தே பிள்ளைகளைப் பார்க்கலாம். கிழக்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மேஜிக் ஐலண்டைச் சுற்றிச் சமதளமான சிமெண்ட் நடைபாதை உண்டு. பேர்தான் ஐலண்ட், 1960-களில் கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். மாலையில் அவர் மெதுவாக நடக்க நல்ல இடம்.

அலை வெளியே பவளப் பாறையில் மோதி உடைந்துவிடும், கரைக்கு வருவது சிற்றலைதான். ஏமாறுவதும் இங்கேதான். முன்பு படகு போக வெட்டிய கால்வாய் ஒன்று கரைக்கு இணையாக ஓடியது. அதன் பள்ளம் இன்னும் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் நிற்பவர் இன்னும் சில எட்டு வைத்தால், சில இடங்களில் பெரியவருக்கே கால் எட்டாது. மேலே பார்த்தால் குளம் மாதிரி இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. முதலில் பெரியவர் ஒருவர் இறங்கி, தரையைக் காலால் தடவித் தடவிப் போய், எங்கே சரிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பையனுக்கு எல்லை அவன் இடுப்பு, உங்கள் கை எட்டும் தூரம். உயிர்காப்பாளர் கோபுரத்துக்கு நேர் எதிரே இடம் பிடியுங்கள். அடியில் மணலோடு பவளத் துண்டும் கிடக்கும், காலைக் கிழிக்கும். தண்ணீரில் போடுகிற ரப்பர் செருப்பு எல்லாருக்கும் வேண்டும்.

நண்டுவளை:
மேலே சொன்னதோடு ஒன்று. தென்கரைக்கு மாதாமாதம் பாக்ஸ் ஜெல்லி என்கிற கொட்டும் ஜெல்லிமீன் கூட்டமாக வரும். பௌர்ணமி கழிந்து 8 முதல் 12 நாளுக்குள். நம் கணக்கில் தேய்பிறை அஷ்டமியிலிருந்து துவாதசி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள், தினசரி காலண்டரைப் பார்த்தாலே போதும். காலண்டர் இந்திய நேரத்துக்குப் போட்டது, ஹவாய் பதினைந்தரை மணி நேரம் பின்னால். முன்பின் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போல இருப்பதால் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தால் அன்றைக்கு மணல் வீடு கட்டுவதோடு சரி.

பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது, மணல் போடக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது. சாதாரண வெள்ளை வினிகரை அரை நிமிஷமாவது தாராளமாக ஊற்ற வேண்டும். தோலில் இழை ஒட்டியிருந்தால் கிள்ளி எடுக்கும் இடுக்கியால் நேராகத் தூக்குங்கள். வழித்தால் மிச்சமிருக்கிற கொட்டும் செல்லெல்லாம் வெடிக்கும். அப்புறம் தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி செல்சியஸ், வெந்நீரில் 20 நிமிஷத்துக்கு மேல் வைத்திருங்கள். குழந்தைக்கு வைக்கும் முன் சூட்டை உங்கள் கையில் பாருங்கள். ஐஸ் வேண்டாம். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு அடைத்தாலோ யோசிக்காமல் 911. சின்ன வினிகர் பாட்டில் ஒன்று பையில் கிடக்கட்டும், பாரமில்லை.

முத்துக்குளி:
ஹனாவ்மா பே அழகுதான், ஆனால் உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்ல மாட்டேன். மேலே இருந்து கரைக்குச் சரிவான பாதை; இறங்குவதை விடத் திரும்பி ஏறுவது முழங்காலுக்கு வதை. திங்கள், செவ்வாய் விடுமுறை, கிறிஸ்துமஸ் அன்றும் மூடல். வெளியூர்க்காரருக்கு 13 வயசுக்கு மேல் தலைக்கு 25 டாலர். இரண்டு நாள் முன்னால் ஹவாய் நேரம் காலை 7 மணிக்கு ஆன்லைனில் முன்பதிவைத் திறப்பார்கள், கலிபோர்னியாவில் அப்போது 9 மணி. கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். 4 வயசுப் பையன் முகமூடி போட்டு மீன் பார்க்கப் போவதில்லை. பெண்ணுக்கு ஆசை என்றால் ஒரு பெரியவர் மட்டும் கூட்டிப் போங்கள்.

பொடிநடை:
நன்றி. அப்போது அலா மோவானாதான். காற்றடைத்த மிதவை வாங்கிப் போகலாமா? சன்ஸ்கிரீனில் ஏதோ தடை என்கிறார்களே?

உப்புக்காற்று:
மிதவை வேண்டாம். ஹவாயில் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து காற்று. தென்கரையில் அது நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசும். யானை, வாத்து மாதிரி மிதவையெல்லாம் பாய்மரம் போலக் காற்றை வாங்கி வெளியே போகும், பிள்ளையும் அதோடு போகும். கையில் மாட்டும் காற்றுப் பையும் கழன்றுவிடும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஒப்புதல் அச்சிட்ட லைஃப் ஜாக்கெட்டைப் பையனின் எடைக்குப் பார்த்து வாங்குங்கள். மாட்டிய பிறகு தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அளவு பெரிது.

சன்ஸ்கிரீன்: ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் சேர்ந்தவற்றை ஹவாயில் விற்க 2021 ஜனவரி 1 முதல் தடை. பவளத்துக்குக் கேடு என்பதால். டியூப் பின்புறம் ஜிங்க் ஆக்ஸைடு மட்டும் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். முகம் திருநீறு பூசியது போலத்தான் இருக்கும், பரவாயில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். முழுக்கை நீச்சல் சட்டை போட்டுவிட்டால் பூசுகிற வேலை பாதி மிச்சம்.

ஆமை கரைக்குப் பக்கம் வந்தால் 3 மீட்டர் தள்ளி நில்லுங்கள். கடல்நாய் மணலில் படுத்திருந்தால் 15 மீட்டர். தொட்டால் சட்டப்படி குற்றம்.

கொழுக்கட்டை:
சாப்பாட்டுக்கு: பூங்காவுக்கு எதிரிலேயே பெரிய ஷாப்பிங் சென்டர், உள்ளே சூப்பர் மார்க்கெட்டும் உண்டு. சைவம் என்றால் முசுபியில் உஷார். பார்க்கச் சோற்று உருண்டை மாதிரி, மேலே வைத்திருப்பது பெரும்பாலும் ஸ்பாம், பன்றி இறைச்சி. பிளேட் லஞ்சோடு வரும் மக்ரோனி சாலடில் மயோனைஸ் இருக்கும், அதாவது முட்டை. தைரியமாக வாங்கலாம் என்றால் பழமும் ஷேவ் ஐஸும். புளியோதரை கட்டிக்கொண்டால் தொல்லையில்லை. தயிர்சாதம் என்றால் ஐஸ் பேக்கோடு, 11 மணிக்குள் முடித்துவிடுங்கள். பச்சைக் காய்கறி ஏதாவது விமானத்தில் எடுத்துப் போனால் வேளாண் படிவத்தில் கட்டாயம் எழுத வேண்டும். திரும்பும்போதும் பெட்டியைச் சோதிப்பார்கள், அங்கே வாங்கிய மாம்பழத்தைக் கொண்டுவர முடியாது.

நண்டுவளை:
ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். உள்ளூர்க் குடும்பங்கள் காலையிலேயே அடுப்போடு வந்துவிடும், 10 மணிக்கு மேல் பார்க்கிங் குதிரைக்கொம்பு. முதலில் நிரம்புவது மேஜிக் ஐலண்ட் பக்கம். வாரநாளில் 8 மணிக்குப் போனால் இடம் உங்களுடையது. நீங்கள் இருக்கும் கோடியிலிருந்து நடந்தே வரலாம், மாமியாரை மட்டும் டாக்சியில் அனுப்புங்கள். காருக்குள் பை எதுவும் கண்ணில் படும்படி வைக்காதீர்கள். திறந்தவெளி ஷவரில் பச்சைத் தண்ணீர்தான் வரும். கழிப்பறையில் தாள் இல்லாமலும் போகும், கையில் வைத்துக்கொள்ளுங்கள். நகரப் பூங்கா என்பதால் மது, சிகரெட் இரண்டுக்கும் தடை.

முந்தின நாள் கனமழை பெய்து தண்ணீர் காப்பி நிறத்தில் இருந்தால் இறங்க வேண்டாம். பக்கத்து அலா வை கால்வாய் ஊர் அழுக்கையெல்லாம் கொண்டுவந்து கொட்டும். தெளியும் வரை, குறைந்தது இரண்டு நாள், ஹோட்டல் நீச்சல் குளமே போதும்.