மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள்

சிங்கப்பூரில் வயரிங் வேலை பார்த்தால் பல மாதிரி ஆட்களைச் சந்திக்கலாம். சாமி அறைக்குத் தனி லைன் கேட்பார்கள், மீன் தொட்டிக்குச் சுவர் முழுக்க பிளக் கேட்பார்கள். தண்ணீருக்கு மேலே மூடியில்லாத பல்பு கேட்டவர்களை ஜாலான் புசாரில்தான் பார்த்தேன்.

பழைய கடைவீட்டு மாடி. இரண்டு சீனப் பெண்கள், ஒரு மலாய்ப் பையன், நம் தமிழ்த் தம்பி ஒருவர். ஆட்களுக்கு முன்னால் தங்கள் உடம்பையே வைத்துச் செய்துகாட்டும் நிகழ்த்துகலைக் குழுவாம். நடுவில் பெரிய தகரத் தொட்டி, கணுக்கால் அளவு தண்ணீர். தம்பி அதற்குள் முக்காலி போட்டு உட்காருவாராம். எரிகிற பல்பைக் கயிற்றில் மெல்ல இறக்கிக்கொண்டே வந்து, தண்ணீரைத் தொட ஒரு விரற்கடை இருக்கும்போது நிறுத்துவார்களாம்.

“தம்பி, இது 230 வோல்ட்.”

“ஆர்சிசிபி இருக்கே அண்ணே, டிரிப் ஆகிடுமே!”

அரைகுறையாகத் தெரிந்துவைத்திருப்பவர்களிடம்தான் எனக்குப் பயம். 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தால் லைனைத் துண்டித்து விழ வேண்டிய சாமான் அது. ஆனால் கடைசிக் காவலுக்கு இருப்பதை நம்பி யாராவது தண்ணீரில் காலை வைப்பார்களா? மெயின் சுவிட்செல்லாம் இருக்கும் டிபி பாக்ஸைத் திறந்து டெஸ்ட் பட்டனை அமுக்கினேன். விழவில்லை. மறுபடி அமுக்கினேன். அசையவே இல்லை. தம்பியின் முகம் மாறிவிட்டது.

முதலில் அதை மாற்றினேன். அப்புறம், பக்கத்து அறையில் டிரான்ஸ்பார்மர் வைத்து 12 வோல்ட்டுக்கு இறக்கித் தருகிறேன், நீச்சல்குளத்துக்குள் எரிகிற விளக்குக்கும் அதுதான் கணக்கு என்றேன். ஒரு பெண்ணுக்கு ஏமாற்றம். பயம் போய்விடுமாம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “பார்க்க வருகிறவர்களுக்கு அது தெரிய வேண்டாமே” என்றாள்.

பரோட்டா சாப்பிடும்போது தம்பி நிறையச் சொன்னார். லீ வென் என்பவர் உடம்பெல்லாம் மஞ்சள் சாயம் பூசிக்கொண்டு தெருவில் நடந்தாராம். 1994 புத்தாண்டு அதிகாலையில் பார்க்வே பரேடில் ஒருவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி அந்தரங்க ரோமத்தைக் கத்தரித்ததில் பெரிய சர்ச்சையாகி, 2003 வரை இந்த மாதிரி நிகழ்த்துகலைக்கு அரசாங்கக் காசே கிடைக்கவில்லையாம். ஆர்மேனியன் தெருவில் குவோ பாவ் குன் 1990இல் தொடங்கிய கலைக்கூடம் பழைய மின்சாரத் துணைநிலையத்தில் இருந்ததாம். அது ஒன்றுதான் எனக்கு உருப்படியான சேதியாகப் பட்டது.

நிகழ்ச்சியன்று என்னையும் கூப்பிட்டார்கள். வேலைச் சட்டையோடு, கையில் டெஸ்டரோடு டிபி பாக்ஸ் பக்கத்தில் நிற்க வேண்டும். கண் காட்டியதும் சுவிட்சைப் போட வேண்டும். ஒரு வார்த்தை பேசக் கூடாது. சரி, ஓவர்டைம்தானே என்று போனேன்.

விளக்கெல்லாம் அணைத்தாயிற்று. தம்பி தண்ணீரில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஒருத்தர்கூட அவரைப் பார்க்கவில்லை, எல்லாக் கண்ணும் என் கையில்தான். முன்வரிசைச் சீனப் பெரியவர் ஒருவர் எழுந்து, “ஜாங்கான்! ஜாங்கான்!” (வேண்டாம், வேண்டாம்) என்று மலாயில் என்னைப் பார்த்துக் கத்தினார். 12 வோல்ட் என்று எனக்குத் தெரியும். நானே போட்ட லைன். இருந்தும் விரல் வேர்த்தது. ‘ஒன்றும் ஆகாது ஐயா’ என்று சொல்ல வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டுப் போட்டேன். பல்பு எரிந்தது, இறங்கியது, நின்றது. கை தட்டவே வெகுநேரம் ஆனது. அந்தப் பெரியவர் தட்டவில்லை, என்னை முறைத்துக்கொண்டே படியிறங்கினார்.

தம்பியிடம் கோபமாகவே கேட்டேன், ஏன் இப்படி மனுஷனைப் பதறவைக்கிறீர்கள் என்று. “நீங்க ஆடாம அசையாம நின்னீங்க அண்ணே, அதான் பயமே” என்றார். தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு முருகன் கோயில் வரை அலகு குத்திக்கொண்டு நடப்பவரைப் பார்த்தால் எனக்குப் பதறாது. அது நேர்த்திக்கடன், அவருக்கும் முருகனுக்கும் உள்ள கணக்கு. இங்கே யாருக்கு என்ன கடன் என்று எனக்குப் பிடிபடவில்லை. மின்சார வேலைக்காரன் சட்டையைப் பார்த்தால் ஜனங்களுக்குத் தைரியம் வர வேண்டும். அதை வைத்தே பயமுறுத்தியது எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

பில் போடும்போதுதான் எங்கள் முதலாளி டவ்கே பிடித்துக்கொண்டார். ஆர்சிசிபி சரி, டிரான்ஸ்பார்மர் சரி, இந்த இரண்டு மணி நேர ஓவர்டைம் எதற்கு? “சுவிட்ச் போட்டது” என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ‘சோதனை’ என்று எழுதிக்கொண்டார்.