'நெவர்மைண்ட்' ஆல்பத்துக்கு மெருகு அதிகமா?

பழையகேசட்: அமெரிக்க ராக் பேண்ட் நிர்வானாவின் முதல் ஆல்பம் 'ப்ளீச்' பதிவுக்கு ஆன செலவு 606 டாலர் சொச்சம். கரடுமுரடு, ஆனால் உயிர் இருந்தது. 1991இல் வந்த இரண்டாவது ஆல்பமான 'நெவர்மைண்ட்'டில் பெரிய கம்பெனி, பெரிய ஸ்டுடியோ, கடைசியில் மிக்ஸிங்குக்கு (தனித்தனியாகப் பதிவானதைச் சேர்த்து அளவு சரிசெய்யும் வேலை) ஆண்டி வாலஸ். ட்ரம்ஸ் முதல் குரல் வரை பாலிஷ் போட்டுவிட்டார். பாடகர் கர்ட் கோபேனே பிறகு, இது முரட்டுப் பங்க் ராக்கைவிட பளபளப்பான மெட்டல் பேண்ட் மோட்லி க்ரூவின் ரெக்கார்டு மாதிரி இருக்கிறது என்று சங்கடப்பட்டார். பாடியவரே சொன்ன பிறகு வேறு சாட்சி எதற்கு?

சுருதிபேதம்: எப்போது சொன்னார் என்பதையும் பாருங்கள் பாஸ். ஆல்பம் விற்றுத் தள்ளிய பிறகு! தயாரிப்பாளர் புட்ச் விக்கோடு சேர்ந்து முதலில் பேண்ட்காரர்களே மிக்ஸ் செய்து பார்த்தார்கள், சரியாக வரவில்லை. அப்புறம் மிக்ஸர்கள் பட்டியல் வந்தபோது, மெட்டல் பேண்ட் ஸ்லேயருக்கு வேலை பார்த்தவர் என்று வாலஸைத் தேர்ந்தெடுத்ததும் இவர்கள்தான்.

பழையகேசட்: தேர்ந்தெடுத்தால் விளைவு பிடித்தே ஆகவேண்டுமா? கல்யாண போட்டோகிராபரை நாமேதான் பிடிக்கிறோம். ஆல்பத்தில் நம் முகம் நமக்கே அடையாளம் தெரிவதில்லை.

மொட்டைமாடி: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் இதைக் கேட்டதே காப்பிக்குக் காப்பி எடுத்த கேசட்டில். இரைச்சலுக்கு நடுவே பாட்டைத் தேட வேண்டும். மெருகாவது ஒன்றாவது.

சுருதிபேதம்: :) பழையகேசட், ஆல்பம் முழுக்க பாலிஷ் என்பதும் சரியில்லை. 'பாலி' பாட்டு 1990 ஏப்ரலில் மேடிசன் ஊர் ஸ்மார்ட் ஸ்டுடியோவில் பதிவானது. அதில் கேட்கும் சிம்பல் ஆல்பத்தின் ட்ரம்மர் டேவ் க்ரோலுடையது அல்ல, பழைய ட்ரம்மர் சாட் சானிங்குடையது. 'சம்திங் இன் த வே' இன்னும் சுவாரசியம். சவுண்ட் சிட்டி ஸ்டுடியோவில் பேண்டோடு வாசித்துச் சரிவரவில்லை. கோபேன் கன்ட்ரோல் ரூம் சோபாவில் சாய்ந்தபடி, இப்படித்தான் வேண்டும் என்று முணுமுணுப்பாகப் பாடிக் காட்டினார். விக் போன் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, அங்கேயே மைக் வைத்துப் பதிவு செய்தார். கிட்டாரில் ஐந்தே கம்பி, சுருதியும் இறங்கிக் கிடந்தது. மற்ற வாத்தியங்கள் அப்புறம் அதோடு மல்லுக்கட்டின.

பழையகேசட்: சரி, அந்த இரண்டையும் விட்டுவிடுகிறேன். மற்ற பாட்டுகளில் குரலை இரண்டு தடவை பாடவைத்து ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினாரே விக்? கோபேனுக்கு அது ஏமாற்று வேலையாகப் பட்டது. ஜான் லெனனும் செய்திருக்கிறார் என்று ஆசை காட்டித்தான் சம்மதிக்க வைத்தார்.

சுருதிபேதம்: பீட்டில்ஸ் பைத்தியத்திடம் சரியான இடத்தில் கொக்கி போட்டிருக்கிறார், அவ்வளவுதான். கம்பெனியும் இது ஊரை அடிக்கும் என்று கணக்குப் போடவில்லை. அமெரிக்காவில் முதலில் அனுப்பியது 46,000 சொச்சம் பிரதிகள். 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தைத் தள்ளிவிட்டு முதலிடம்.

பழையகேசட்: விற்பனையை நான் கேட்கவில்லை. இவ்வளவு திருப்தி என்றால் அடுத்த ஆல்பத்துக்கு, கரடுமுரடான ஒலிக்குப் பேர்போன ஸ்டீவ் அல்பினியை ஏன் தேடிப் போனார்கள்?

சுருதிபேதம்: அந்த அல்பினி பதிவிலும் 'ஹார்ட்-ஷேப்டு பாக்ஸ்', 'ஆல் அப்பாலஜீஸ்' இரண்டு பாட்டையும் இன்னொரு தயாரிப்பாளர் ஸ்காட் லிட்டிடம் கொடுத்து மறுபடி மிக்ஸ் செய்தார்களே! 'நெவர்மைண்ட்' 2011 மறுவெளியீட்டின் பெரிய பெட்டியில் விக்கின் முதல் மிக்ஸ் இருக்கிறது. கேட்டுவிட்டு வாருங்கள்.

பழையகேசட்: கேட்டவன்தான் பேசுகிறேன். வறண்ட ட்ரம்ஸ், பூசாத குரல். எனக்கு அதுதான் ஆல்பம்.