‘தி கிவர்’ நாவலின் தந்தையை மாணவருக்கு விளக்க உதவி தேவை

கிளிநொச்சியில் தரம் 11 மாணவர் 12 பேருடன் 3 வாரங்களாக லோயிஸ் லோரியின் ‘தி கிவர்’ (1993) நாவலை வாசித்து வருகிறேன். கதைநாயகனான சிறுவன் ஜோனஸின் தந்தையிடம் வந்து நின்றுவிட்டோம். வீட்டில் அன்பே உருவான அவர், இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்ததன் நெற்றி நரம்பில் ஊசி ஏற்றி, உடலைப் பெட்டியில் இட்டு, கொஞ்சும் குரலிலேயே விடைகொடுக்கிறார். மாணவர்கள் அவரை அரக்கன் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை, ஏனெனில் தன் சமூகத்தின் விதிமுறைக்குப் பணிந்த நல்லவர் என்பதே அவரிடமுள்ள பயங்கரம். அப்பகுதியை உரக்க வாசித்தோம், விவாதம் வைத்தேன், அவர் எழுதுவதாக மகனுக்குக் கடிதம் எழுதச் செய்தேன். கடிதங்கள் எல்லாம் மன்னிப்புக் கேட்பதிலேயே முடிந்தன. ஒரு மாணவி மட்டும், “எனக்கு ‘விடுவித்தல்’ என்ற சொல்லைத்தான் கற்பித்தார்கள், மகனே” என்று எழுதியிருந்தாள்; இப்படிக் கொல்வதற்கு நாவலின் சமூகம் வைத்திருக்கும் பெயர்தான் ‘விடுவித்தல்’. அந்த வரியிலிருந்து தொடர, பிள்ளையை நேசித்தும் கட்டளையை மீறாத தாயோ தந்தையோ வரும் எந்தத் தமிழ்ச் சிறுகதையை அடுத்த வாரம் வாசிக்கக் கொடுக்கலாம்?